தேவகி அக்காவின் எண்பத்தெட்டு நொடி

போன வாரம் ஒரு வரவேற்புக்காக ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் போக வேண்டியிருந்தது. போனில் டாக்சி பிடித்தேன். வந்தவர் பெயர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். உள்ளூர்க்காரர்.

வழியில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே திரும்பப் பார்த்து, திரும்ப முடியாமல், அப்படியே நின்றுவிட்டது. ஷிஃப்ட் மாறும் நேரம் வேறு. இந்தப் பக்கம் வரிசையாகக் கம்பெனி பஸ்கள், அந்தப் பக்கமும் கம்பெனி பஸ்கள். முக்கால் மணி நேரம் ஓர் அடிகூட நகரவில்லை.

இறங்கும்போது ஏழுமலை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், லேட்டாச்சுன்னு ஸ்டாரக் கொறச்சிடாதீங்க. இந்த ஆப்புல சேந்து பத்து சவாரிதான் ஆவுது. ஒம்போது பேரு அஞ்சஞ்சு ஸ்டாரு குடுத்தாங்க. முந்தாநேத்து ஒருத்தரு இதே மாரி டிராஃபிக்ல மாட்டிகினு ஒத்த ஸ்டாரு குடுத்துட்டாரு. மொத்தமும் எறங்கிடுச்சி. இன்னா கணக்கு மேடம் இது?"

ஐந்து ஸ்டார் கொடுத்துவிட்டு இறங்கினேன். வரவேற்பில் பாயசம் சாப்பிடும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஒன்பது பேர் நல்லது சொல்ல, ஒருவர் சொன்னது எல்லாரையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது... என்ன கணக்கு இது?

சராசரிக் கணக்கு. வேறென்ன?

இந்தச் சாலையில் இதே மாதிரிக் கேள்வியை என்னிடம் இன்னொருவரும் கேட்டிருக்கிறார். 1991-ல். அன்று நான்தான் அந்த ஒற்றை ஸ்டாரைக் கொடுத்தவள். அந்தக் கதையை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. புள்ளியியல் முடித்த கையோடு ஒரு வேலை கிடைத்தது. ஸ்கூட்டருக்கு வயரிங் செய்யும் கம்பெனி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. இன்று அந்தப் பக்கம் போனால் எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. அன்று அந்த ரோட்டில் மதியம் ஒரு சைக்கிள் போனால் யார் போகிறார்கள் என்று கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் பெயர் சொல்வார்.

காலையில் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து கம்பெனி வேன். பிள்ளைப்பாக்கத்தில் நிற்கும்போது பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஏறுவார்கள். தலை நிறையக் கனகாம்பரமும் கையில் டிபன் பையுமாக. வேனே கலகலவென்று ஆகிவிடும். ஏறினால் இறங்கும்வரை பேச்சு ஓயாது. புது வயருக்கு ஒரு பிளாஸ்டிக் வாசனை உண்டு. மாலையில் திரும்பும்போது வேன் முழுக்க அந்த வாசனைதான் அடிக்கும். இன்றைக்கும் யாராவது புது மிக்சியைப் பெட்டியிலிருந்து எடுத்தால் எனக்கு அந்த வேன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

என் வேலை என்ன? கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச்சை மாட்டிக்கொண்டு லைனில் நிற்பது. ஒரு பெண் ஒரு வயரிங்கை முடிக்க எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறாள் என்று பார்த்து எழுதுவது. டைம் ஸ்டடி என்று அதற்குப் பெயர். அவர்கள் எனக்கு வைத்த பெயர் 'வாட்ச் மேடம்'.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் சமைக்கும்போது ஒருத்தி பக்கத்தில் நின்று கடிகாரத்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? என்னைக் கண்டாலே லைனில் பேச்சு நின்றுவிடும். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். வேனில் என் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருக்கும்.

அதில் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் தேவகி அக்கா.

பிள்ளைப்பாக்கத்துக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். கம்பெனி உறவு முறை அப்படி. தன் வீட்டிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். சும்மா விட்டுவிடவில்லை. ஒரு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினார்கள்.

"ஆறு மாசம் போய்ட்டு வா, பர்மனென்ட் பண்ணாங்கன்னா போ, இல்லன்னா நின்னுக்கோன்னு எங்க வூட்ல சொல்லிட்டாங்க மேடம். அவருக்கு ஒண்ணும் இல்ல. மாமனாருதான் கறாரா கீறாரு" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

ஆறு மாதம் முடிகிற சமயம். டிரெய்னியாக எடுத்த ஆறு பெண்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சங்கரலிங்கம் சார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ஆறு பேரையும் ஒரு வாரம் பாரும்மா. நேரம் காலம் சொல்லாம போயி நின்னு பாக்கணும். ஆளுக்குப் பதினோரு தடவ. சராசரி எடுத்துக் குடு. தொண்ணூத்தஞ்சு நொடிக்குள்ள இருந்தா வேல நிரந்தரம். இல்லன்னா இல்ல" என்றார்.

எடுத்தேன். கூட்டினேன். பதினொன்றால் வகுத்தேன். ஐந்து பேர் தேறிவிட்டார்கள். தேவகி அக்கா மட்டும் 104.

நான் மூன்று முறை கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். 104 தான். டைப் அடித்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டேன். வருத்தம்தான். ஆனால் கணக்கு கணக்குதானே? நான் புள்ளியியல் படித்தவள். கணக்குக்கு முன்னால் அக்கா, தங்கை உண்டா?

அன்று மாலை வேனில் தேவகி அக்கா வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், என்னுது எவ்ளோ வந்துகீது?"

சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன். "நூத்தி நாலுக்கா."

அவர் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தார். விரல் நுனிகளில் டேப்பின் பசை கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நூத்தி நாலு வர முடியாதே மேடம்."

"கூட்டி வகுத்தேன்க்கா. மூணு வாட்டி சரி பார்த்தேன்."

"கூட்டினது சரியாத்தான் இருக்கும். நீங்க படிச்சவங்க." கோபம் இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே புரியாமல் கேட்கிற குரல். "நான் ஒரு பீசு முடிச்சா ஒண்ணர நிமிசத்துக்குள்ள முடிச்சுடுவேன். என்னிக்கோ ஒரு வாட்டி மூணு நிமிசம் ஆவும். ரெண்டுக்கும் நடுவுல நூத்தி நாலுன்னு ஒரு தபாகூட ஆனதில்ல. ஆவாத ஒண்ண எப்டி மேடம் என் பேர்ல எழுதினீங்க?"

பிள்ளைப்பாக்கம் வந்தது. இறங்கிப் போய்விட்டார்.

நான் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், அப்புறம் காஞ்சிபுரம் வரைக்கும், அந்தக் கேள்வியோடு தனியாகப் போனேன்.

வீட்டுக்குப் போனதும் நோட்டைத் திறந்தேன். தேவகி அக்காவின் பதினொரு நேரங்கள். 86, 88, 84, 178, 87, 85, 89, 88, 183, 86, 90.

அவர் சொன்னது சரி. 104-ஐக் காணோம். அதன் பக்கத்தில்கூட ஒன்றும் இல்லை. நடக்காத ஒன்றை, எந்த நாளும் எந்த மணியிலும் நடக்காத ஒன்றை, நான் அவருடைய வேகம் என்று டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்துப் போட்ட தாள்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றின் முதுகில் ஒவ்வொரு நேரமாக எழுதினேன். தரையில் சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாக அடுக்கினேன். 84 முதலில். 183 கடைசியில். இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிக்கொண்டே நடுவுக்கு வந்தேன். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. நடுவில் தனியாக நின்ற ஆறாவது தாள், 88.

இதற்குப் பெயர் இடைநிலை அளவு. ஆங்கிலத்தில் மீடியன். கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் அதில் ஒரு மார்க்கூட விட்டதில்லை. ஆனால் அன்று தரையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது என்னவென்று எனக்குப் புரிந்தது. மார்க் வாங்குவதற்கும் புரிந்துகொள்வதற்கும் நடுவில் எத்தனை தூரம் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் உயர வரிசைப்படி நிற்க வைப்பார்களே, அதுதான். வரிசையில் நடுவில் நிற்கும் பெண் யார் என்று கேட்கிறோம். கடைசியில் நிற்கிறவள் ஐந்தரை அடியோ, பனைமர உயரமோ, நடுவில் நிற்கிறவளுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அவள் நின்ற இடத்தில் நிற்கிறாள். சராசரி அப்படி இல்லை. ஒரு பனைமரம் வந்தால் வகுப்பே வளர்ந்துவிட்டதாகச் சொல்லும். (நல்லவேளை, பதினொன்று எடுத்தேன். பத்து எடுத்திருந்தால் நடுவில் இரண்டு பேர் நிற்பார்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அது தனிப் பஞ்சாயத்து.)

மறுநாள் காலை ஆறு பேருக்கும் நடு எண்ணை எடுத்தேன். மற்ற ஐந்து பேருக்கும் சராசரியும் நடுவும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது தேவகி அக்காவுக்கு மட்டும். 104 எங்கே, 88 எங்கே? ஆறு பேரில் இரண்டாவது இடம்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காலண்டர் தாள் கதையைக்கூடக் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சரிதாம்மா. இப்ப ஒருத்தி பதினோரு தடவையில அஞ்சு தடவ தூங்கி வழியுதான்னு வையி. ஒன் மீடியன் அதக் கண்டுக்கிடுமா?"

யோசித்தேன். ஐந்து பேர் ஓரத்தில். ஆறாவது... அது வேகமாகச் செய்ததாகத்தான் இருக்கும்.

"கண்டுக்காது சார்."

"அப்ப பாதி நேரம் தூங்குனாலும் ஒங்கணக்குல அவ கெட்டிக்காரி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நேற்று சாயங்காலம் கிடைத்த ஞானம் காலை பத்து மணிக்குள் ஆட்டம் கண்டுவிட்டது.

"இந்த ரெண்டு தடவ மட்டும் மூணு நிமிசம் ஆயிருக்கே, ஏன்னு அந்தப் பிள்ளகிட்ட கேட்டியா?"

"இல்ல சார்."

"நீ பக்கத்துலதான நின்ன?"

நின்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காரணம் தெரியாம நான் எந்த நம்பர்லயும் கையெழுத்துப் போட மாட்டேன். கேட்டுட்டு வா" என்றார். லிஸ்ட்டைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டார்.

பத்து மணி டீக்கு மணி அடித்தார்கள். தேவகி அக்காவும் அவருக்கு முந்தைய மேஜையில் வேலை செய்யும் மலரும் சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மலருக்குப் பத்தொன்பது வயது. டிரெய்னி ஆறு பேரில் அவளும் ஒருத்தி. சிரித்த முகம்.

நான் போய்க் குந்தினேன். "அக்கா, அந்த ரெண்டு தடவையும் மூணு நிமிஷம் ஆச்சே, ஏன்?"

"கை மரத்துப் போச்சு மேடம்."

"ரெண்டு தடவையுமா?"

"ஆமா."

மலர் டீயைப் பாதியில் கீழே வைத்தாள். சிரிப்பைக் காணோம். தேவகி அக்கா தன் டிபன் பையின் வார் சரியாக இருக்கிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏதாவது வாரைச் சரி செய்வார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆபீசுக்குப் போய் ஸ்டாப் வாட்ச்சைக் கழற்றி டிராயரில் வைத்தேன். வெறுங்கழுத்தோடு லைனுக்கு வந்து ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். என்ன வேலை நடக்கிறது என்று அன்றுதான், ஆறு மாதம் கழித்து, முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்த லைனில் நடப்பது இவ்வளவுதான். மலரின் மேஜையில் ஒவ்வொரு கலர் வயரையும் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கனெக்டரில் அதனதன் ஓட்டையில் சொருக வேண்டும். அது அடுத்து தேவகி அக்காவிடம் வரும். அவர் வயர்களை ஒரு பலகையில் வளைத்து வைத்து, டேப் சுற்றி முடிப்பார். கடைசியில் டெஸ்ட் போர்டு. அதில் மாட்டினால் எல்லா பல்பும் எரிய வேண்டும். ஒன்று எரியாவிட்டாலும் ரிஜெக்ட். வயரை மாற்றிச் சொருகியது யாரோ அவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்பு டிக் விழும். டிரெய்னிக்கு ஐந்து டிக் விழுந்தால் அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில் அது நடந்தது.

மலரிடமிருந்து ஒரு கனெக்டர் வந்தது. தேவகி அக்கா கையில் எடுத்தவர், டேப்பைத் தொடவில்லை. ஒரு கணம் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, கனெக்டருக்குள் விட்டு, மெல்ல நெம்பி இரண்டு வயர்களை வெளியே இழுத்தார். இடம் மாற்றிச் சொருகினார். இழுத்துப் பார்த்தார். ஹேர்பின் கொண்டைக்குத் திரும்பியது. அப்புறம்தான் டேப்.

மூன்று நிமிடம்.

மலர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துவிட்டு, அடுத்த வயரை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொருகினாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் தேவகி அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"பாத்துட்டீங்க."

"பாத்துட்டேன்க்கா."

"சொல்லிடாதீங்க மேடம். அவளுக்கு நாலு டிக்கு ஆயிடுச்சி. இன்னும் ஒண்ணு வுழுந்தா அனுப்பிடுவாங்க."

"சொல்லலன்னா உங்கள அனுப்பிடுவாங்கக்கா. நூத்தி நாலுன்னு எழுதி நான்தான் குடுத்திருக்கேன்."

"அது எனக்கும் தெரியுது. வூட்ல இன்னா சொல்லுவாங்கன்னும் தெரியுது. ஆனா தப்பா கீதுன்னு கண்ணுல பட்டப்பறம் அப்டியே டேப்பு சுத்தி அனுப்பறதுக்கு எனக்குக் கை வரல. அவ மேல தப்பும் இல்ல மேடம்."

"பின்ன?"

"அவ ஸ்டூல்ல குந்திப் பாருங்க. தெரியும்."

சாப்பாட்டு நேரம். லைன் காலியாக இருந்தது. போய் மலரின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த டப்பாக்களிலிருந்து ஒரு வயரை எடுத்தேன். மஞ்சள். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் மஞ்சள்... மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனேன். வெள்ளை.

அண்ணாந்து பார்த்தேன். மலரின் தலைக்கு மேலே ஒரு பழைய ட்யூப் லைட். இரண்டு முனையும் கறுத்துப்போய், பழுப்பாக, துடித்துத் துடித்து எரிந்துகொண்டிருந்தது. மற்ற மேஜைகளுக்கு மேல் எல்லாம் பளீரென்ற வெளிச்சம்.

"சூப்பர்வைசராண்ட ரெண்டு வாட்டி சொல்லிட்டேன்" என்றார் பின்னால் வந்து நின்ற தேவகி அக்கா. "எரியுது இல்ல, அப்புறம் இன்னான்னாரு."

மேனேஜரை அழைத்து வந்தேன். நான் ஒன்றும் விளக்கவில்லை. ஸ்டூலைக் காட்டி, "ஒரு நிமிஷம் உக்காருங்க சார்" என்றேன். உட்கார்ந்தார். "ஒரு மஞ்ச வயர் எடுத்துக் குடுங்க" என்றேன். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, டப்பாக்களைப் பார்த்து, ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வெள்ளை.

அதை ஜன்னலருகே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அண்ணாந்து அந்த ட்யூப் லைட்டைப் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய், சாப்பிட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனைக் கை கழுவ வைத்துக் கூட்டிவந்தார். சூப்பர்வைசரிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"அந்தப் பிள்ள பேர்ல உள்ள நாலு டிக்கயும் அழிச்சிரும்."

புது லைட்டுக்குக் கீழே மலர் அன்று மதியம் வயர் சொருகியதைப் பார்க்க வேண்டுமே. கண்ணைச் சுருக்கவே இல்லை. கைகள் தாமாக ஓடின. அந்தப் பெண் ஆறு மாதமாக அரை இருட்டில் மற்ற ஐந்து பேரோடு போட்டி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். என் ஸ்டாப் வாட்ச்சில் அது ஒரு நாளும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மலரின் சராசரி 93. நடுவும் 93. இரண்டுமே தேறிய எண்கள். இரண்டுமே ட்யூப் லைட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னது, நான் பனைமரம் என்று ஒதுக்கிய அந்த இரண்டு எண்கள்தான்.

சராசரி அந்த இரண்டையும் பார்த்து மிரண்டுபோய் எல்லார் தலையிலும் பாரத்தை ஏற்றியது. மீடியன் அவற்றைப் பார்த்தும் அசையாமல் நின்றது. ஏன் என்று இரண்டுமே கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் நான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புது லிஸ்ட் தயாரித்தேன். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே நடு எண். அதற்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் வரைந்து மேலே 'ஏன்?' என்று எழுதினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "இது என்னது புதுசா?" என்றார்.

"ஓரத்துல நிக்கற நம்பருக்குக் காரணம் எழுத சார்."

"எழுது, எழுது" என்றார். அதோடு சரி. நான் அந்தக் கம்பெனியில் இருந்த நான்கு வருடமும் அந்தக் கட்டம் இருந்தது. பல நாள் அது காலியாகத்தான் இருக்கும். நிரம்பிய நாட்களில் ஏதாவது ஒரு லைட்டோ, ஒரு ஸ்டூலோ, ஒரு ஜுரமோ இருக்கும்.

லிஸ்ட் மேலே போகுமுன் ஆறு பேரும் தங்கள் தங்கள் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தேவகி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தாளைக் கையில் எடுத்தவர் பேனாவை வாங்கவில்லை.

"இத ஏன் மேடம் அடிச்சீங்க?"

178, 183 இரண்டின் மேலும் நான் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

"அது உங்க வேலை நேரமே இல்லக்கா. மலரோட தப்பத் திருத்தின நேரம். உங்க கணக்குல வரக் கூடாது."

"நான் செஞ்சதுதான மேடம்?"

"நீங்க செஞ்சதுதான். ஆனா..."

"அந்த வாரத்துலயே நான் நெஞ்சறிஞ்சு நல்லாச் செஞ்சது அந்த ரெண்டுந்தான். அதப் போயி அடிச்சுகீறீங்களே."

படித்தவள் ஆயிற்றே, கணக்கைச் சொன்னேன். "அதை எடுத்துட்டா ஒன்பது நம்பர். நடுவும் 87, சராசரியும் 87. சேத்தா பதினொண்ணு. நடு 88. உங்களுக்கு ஒரு நொடி கூடிடும்க்கா."

"ஒரு நொடிதான?"

"ஒரு நொடிதான்."

"குடுத்துட்டுப் போறேன் மேடம். அவளுக்குத்தான குடுத்தேன்."

வேறு தாள் எடுத்தேன். பதினொரு எண்களையும் திரும்ப எழுதினேன். ஒன்றையும் அடிக்கவில்லை. நடுவில் 88. 'ஏன்?' என்ற கட்டத்தில், 'முந்தைய மேஜையில் வெளிச்சம் இல்லாமல் வந்த பிழையைத் திருத்தினார் – இருமுறை' என்று எழுதினேன். தேவகி அக்கா அதை வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். தமிழில், பெரிய பெரிய எழுத்தாக, தேவகி என்று கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு பேருக்கும் லெட்டர் கொடுத்தார்கள். ஆறு பேருக்கும். மலர் அங்கேயே நின்று அழுதாள். தேவகி அக்கா லெட்டரை மடித்து டிபன் பைக்குள், எண்ணெய் படாத பக்கமாகப் பார்த்து வைத்தார். அன்று வேனில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு மலர். மூன்று பேர் உட்காரக்கூடிய சீட் இல்லை அது. பிள்ளைப்பாக்கத்தில் இறங்கும்போது, "மேடம், மாமனாராண்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. லெட்டரக் கையில குடுத்துட்டுச் சும்மா நிக்கப் போறேன்" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளைப்பாக்கத்தில் வேன் நின்றபோது நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டத்தில் முதல் ஆளாக ஏறினார்.

அப்புறம் நான் வேறு வேலை, கல்யாணம், சென்னை என்று வந்துவிட்டேன். தேவகி அக்கா பல வருடம் அங்கேயே இருந்து லைன் லீடர் ஆனார் என்று கேள்விப்பட்டேன். ஆச்சரியமே இல்லை. இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ மீட்டிங்குகளில் உட்கார்ந்து எத்தனையோ சராசரிகளைப் பார்த்துவிட்டேன். யாராவது ஓர் எண்ணைக் காட்டி ஓர் ஆளை மட்டம் தட்டும்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் மனதுக்குள் போட்டுப் பார்க்கிறேன்.

தோழிக்காக மூன்று நிமிடம் ஒதுக்கிய அந்த இரண்டு முறைக்கும், தேவகி அக்காவிடம் சராசரி வாங்கப் பார்த்தது பதினேழு நொடி. கூடவே வேலையும். மீடியன் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு நொடி.

கணக்குக்கு இரக்கம் கிடையாது என்று யாராவது உங்களிடம் சொன்னால்... எந்தக் கணக்குக்கு என்று கேளுங்கள்.